நிரல் யாருக்குச் சொந்தம்? தொலைக்காட்சிப் பதிவைத் தானியக்கமாக்கும் முயற்சிகள் பற்றி ஓர் ஆய்வு

தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் கருவி எதுவானாலும் அதற்கு மூன்று விவரங்கள் தெரிந்தாக வேண்டும்: எந்தச் சேனல், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். 1970களின் நடுவில் சோனியின் பீட்டாமேக்ஸும் ஜேவிசியின் விஎச்எஸ்ஸும் வீடுகளுக்குள் நுழைந்தபோது, இம்மூன்றையும் மனிதர்தான் பொத்தான் பொத்தானாக அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கடிகாரத்தைக்கூடச் சரிசெய்ய உரிமையாளருக்குத் தெரியாததால் 12:00 என்று கண்சிமிட்டியபடியே கிடந்த விசிஆர்கள் என்ற ஒளிநாடாப் பதிவுக் கருவிகள் அமெரிக்க நகைச்சுவையில் நிரந்தர இடம் பிடித்தன. பின்னர் ஒளிநாடா போய் ஹார்டு டிஸ்க் வந்தது, அனலாக் போய் டிஜிட்டல் வந்தது. அந்த மூன்று கேள்விகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கு உறுதியான விடை தெரிந்தவர் ஒளிபரப்பாளர் ஒருவர்தான். இணையப் பக்கங்களில் கிடக்கும் நிகழ்ச்சி நிரலைத் தானாகவே திறந்து படித்து, வேண்டியதைப் பொறுக்கியெடுத்து, பதிவுப் பட்டியலில் சேர்க்கும் மென்பொருள் இந்த வரலாற்றில் பிந்திப் பிறந்த பிள்ளை. கணினித் துறையினர் அதை க்ராலர் என்பார்கள். இங்கே திரட்டி என்று சொல்வோம். அது ஏன் தேவைப்பட்டது, எங்கே தடுக்கி விழுகிறது, சட்டம் அதை எப்படிப் பார்த்தது என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. திரட்டியின் குறைகளில் பெரும்பாலானவை, ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய ஓர் அறிவிப்பைச் சொத்தாகக் கருதிப் பூட்டி வைத்ததால் வந்தவை.

இணையம் பரவுவதற்கு முன்பே இரண்டு விடைகள் முயலப்பட்டன. ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜெம்ஸ்டார் நிறுவனம் 1990இல் விசிஆர் பிளஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில் அதிகபட்சம் 8 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் அச்சாகும். அதை ரிமோட்டில் தட்டினால் தேதி, சேனல், நேரம், நீளம் எல்லாம் கருவிக்குப் போய்ச் சேரும். பிரிட்டனில் இது வீடியோ பிளஸ் என்றும் ஜெர்மனியில் ஷோவியூ என்றும் வழங்கியது. எண்ணை உருவாக்கும் சூத்திரம் ரகசியமாக இருந்தது. அதைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1992இல் க்ரிப்டாலஜியா என்ற குறியீட்டியல் ஆய்விதழில் மூவர் அந்தச் சூத்திரத்தில் ஒரு பகுதியை அவிழ்த்துக் காட்டினார்கள். நிகழ்ச்சியின் நேரம் நாளிதழ் வாங்கும் எவர் கண்ணிலும் படும், ஆனால் அதே நேரம் கருவிக்குப் புரியும் வடிவத்துக்கு மாறியதும் ரகசியமாகிவிடும் என்ற விசித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. மனிதருக்குத் திறந்தும் கருவிக்கு மூடியும் வைக்கப்பட்ட நிரல் என்ற இந்த நிலை இன்றுவரை தொடர்கிறது.

இரண்டாவது விடை ஜெர்மனியிலிருந்து வந்தது. பொறியியல் நோக்கில் அதுவே நேர்த்தியானது. 1985இல் அங்கே நடைமுறைக்கு வந்த விபிஎஸ் முறையில், ஒளிபரப்பு அலையின் 16ஆம் வரியில், திரையில் தெரியாதபடி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு முத்திரை கூடவே வரும். அந்த முத்திரை காட்டுவது நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும் நேரத்தை அல்ல. தொடங்குவதாக முன்கூட்டி அறிவிக்கப்பட்ட நேரத்தை. 8:15 மணிப் படம், கால்பந்து ஆட்டம் இழுத்ததால் 8:40க்குத் தள்ளிப்போனாலும் அதன் முத்திரை 8:15 என்றே இருக்கும். கருவி கடிகாரத்தைப் பார்க்காமல் முத்திரைக்காகக் காத்திருக்கும்; முத்திரை வந்தால் பதியும், மறைந்தால் நிறுத்தும். அறிவிப்பும் நிகழ்வும் வேறு வேறு என்பதையும், இரண்டையும் இணைக்க ஓர் அடையாளம் வேண்டும் என்பதையும் இந்த முறை சரியாகப் பிடித்துவிட்டது. ஆனால் ஒளிபரப்பாளர் ஒத்துழைத்து, முத்திரையை உரிய நொடியில் மாற்றினால்தான் இது பலிக்கும். அந்த ஒத்துழைப்பு எல்லா நாட்டிலும் எல்லாச் சேனலிலும் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் திரட்டி வளர்ந்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டி, கணினிக்குள் செருகும் ட்யூனர் அட்டைகள் மலிவாகின. ஜெர்மனியில் விடிஆர், அமெரிக்காவில் 2002இல் மித்டிவி என்று கட்டற்ற பதிவு மென்பொருள்கள் பிறந்தன. 1999இல் சந்தைக்கு வந்த டிவோ கருவி, நிரலைத் தொலைபேசி இணைப்பு வழியாகத் தன் நிறுவனத்திடமிருந்தே பெற்றுக்கொண்டது. கட்டற்ற மென்பொருள்களுக்கு அப்படி ஒரு நிறுவனம் இல்லாததால் அவை இணையத்தின் பக்கம் திரும்பின. எக்ஸ்எம்எல்டிவி என்ற திட்டம் இதற்கு ஒரு பொது வடிவத்தை வகுத்தது. அதன் கருவித்தொகுப்பில் நாட்டுக்கு ஒரு திரட்டி, சில நாடுகளுக்குப் பல. ஒவ்வொரு திரட்டியும் தன் நாட்டு நிரல் பக்கத்தை இரவில் ஒருமுறை திறந்து, அட்டவணைக்குள்ளிருந்து தலைப்பையும் நேரத்தையும் பிரித்தெடுத்து, ஒரே அச்சில் வார்த்துக் கொடுக்கும். நேரம் ஆண்டிலிருந்து நொடிவரை 14 இலக்கங்களில் எழுதப்படும். அதன்பின் உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு விலகல் என்ற குறிப்பு, இந்தியாவானால் +0530. இதைப் பெற்ற பதிவு மென்பொருள், பயனர் கொடுத்த விதிகளோடு ஒப்பிடும். இந்தத் தொடரின் புதிய பகுதிகள் எல்லாம், இந்த நடிகரின் படங்கள் எல்லாம், ஏற்கெனவே பதிந்தது வேண்டாம் என்பவை அந்த விதிகள். ஒரே நேரத்தில் மூன்று நிகழ்ச்சிகள் மோதி, ட்யூனர் இரண்டே இருந்தால், எது முக்கியம் என்ற வரிசைப்படி ஒன்றை மறுஒளிபரப்புக்குத் தள்ளிவைக்கும். இந்தக் கடைசிச் செயல் திரட்டி இல்லாமல் முடியவே முடியாது. மறுஒளிபரப்பு எப்போது என்று தெரிய ஒரு வாரத்து நிரலாவது முன்கூட்டிக் கையில் இருக்க வேண்டும்.

இனி, திரட்டி தடுக்கி விழும் இடங்கள். முதலாவது, பக்க வடிவம். நிரல் பக்கம் மனிதக் கண்ணுக்காக அமைக்கப்பட்டது. வடிவமைப்பாளர் ஒரு கட்டத்தை இடம் மாற்றினால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது, திரட்டி மட்டும் அன்றிரவு வெறுங்கையோடு திரும்பும். இரண்டாவது, நேரம். நள்ளிரவு 12:30 நிகழ்ச்சியை முந்தைய நாளின் பட்டியலின் கடைசியில் போடுவது பல நிரல்களின் வழக்கம். மனிதர் அதைச் சட்டெனப் புரிந்துகொள்வார். கணினிக்கு 24 மணி நேரம் பிசகும். மத்திய ஐரோப்பாவில் கோடைக்கால நேரம் முடியும் இரவில் ஒரு மணி நேரம் இருமுறை வருகிறது. நேர விலகலைக் குறிக்காத பக்கத்தில் அந்த இரவின் 2:30 எந்த 2:30 என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவதுதான் பெரியது: நிரல் ஒரு திட்டம், நிகழ்வு அதை மீறும். 1968 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி இதற்கு நேர்மாறான தவற்றைச் செய்தது. ஜெட்ஸ் அணிக்கும் ரைடர்ஸ் அணிக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம் இருக்கும்போது, நிரலில் போட்டபடியே 7 மணிக்கு ஹைடி படத்தைத் தொடங்கிவிட்டது. பின்தங்கியிருந்த ரைடர்ஸ் அந்தக் கடைசி நிமிடத்தில் இருமுறை கோல்கோட்டைத் தாண்டி 43-32 என வென்றது. கிழக்குக் கரைப் பார்வையாளர்கள் அதைப் பார்க்கவே இல்லை. எழுந்த கூச்சலுக்குப் பிறகு, ஆட்டம் முடியும்வரை காட்டுவது வழக்கமானது. அதாவது, நிரலை மீறுவதே பார்வையாளருக்குச் செய்யும் மரியாதை என்று ஒளிபரப்புத் துறை அன்று கற்றுக்கொண்டது. அந்த மரியாதைக்கு விலை கொடுப்பது, நேற்றிரவு திரட்டிய நிரலை நம்பி 7 மணிக்குப் பதியத் தொடங்கும் கருவி.

அப்படியானால் இணையத்தை விட்டுவிட்டு, ஒளிபரப்பு அலையிலேயே வரும் தகவலை மட்டும் நம்பலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிவிபி முறையில் இயங்கும் டிஜிட்டல் ஒளிபரப்புகளில் நிகழ்ச்சித் தகவல் அட்டவணை ஒன்று படத்தோடு சேர்ந்தே வருகிறது. அதில் இரு பகுதிகள் உண்டு: இப்போது ஓடுவது, அடுத்து வருவது என்ற இரண்டை மட்டும் சொல்லும் சிறு பகுதி ஒன்று, வரும் நாட்களின் முழு நிரல் மற்றொன்று. முதற்பகுதியை ஒளிபரப்பாளர் நேரத்தோடு மாற்றினால், விபிஎஸ் செய்த வேலையை அது அப்படியே செய்யும். டிவிஹெட்எண்ட் போன்ற இன்றைய மென்பொருள்கள் இதையும் எக்ஸ்எம்எல்டிவியையும் ஒருசேர ஏற்பது காரணமில்லாமல் இல்லை. நாள் கணக்கில் திட்டமிட இணையம், நொடிக் கணக்கில் தொடங்க அலை என்பதே அனுபவம் கற்பித்த பாடம். ஆனால் இரண்டாம் பகுதி பல இடங்களில் சில நாட்களோடு நின்றுவிடுகிறது, விவரணை ஒற்றை வரியாகக் குறுகுகிறது, பகுதி எண் வருவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. 2009இல் பிரிட்டனில் தரைவழி உயர்தெளிவு ஒளிபரப்பு தொடங்கவிருந்த வேளையில், நிரல் தகவலைச் சுருக்கும் அட்டவணையை, பிரதியெடுப்பைக் கட்டுப்படுத்த ஒப்புக்கொள்ளும் கருவித் தயாரிப்பாளர்களுக்கு மட்டும் தரும் ஏற்பாட்டுக்கு பிபிசி அனுமதி கோரியது. 2010இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதற்கு இசைந்தது. படமும் ஒலியும் திறந்தே வரும். நிரலை மட்டும் பூட்டினால் போதும், கருவியைக் கட்டுக்குள் வைக்கலாம் என்பதே அதன் உட்பொருள். நிரல் எவ்வளவு பெரிய பிடி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தப் பிடி புதிதாக முளைத்ததும் இல்லை. பிரிட்டனில் 1991வரை, வாரம் முழுமைக்குமான பிபிசி நிரல் ரேடியோ டைம்ஸ் இதழில் மட்டும், ஐடிவி நிரல் டிவி டைம்ஸ் இதழில் மட்டும். இரண்டும் வேண்டுமானால் இரண்டையும் வாங்க வேண்டும். 1923இல் தொடங்கிய ரேடியோ டைம்ஸின் பெருவிற்பனைக்கு இந்த ஏகபோகம் ஒரு முக்கியத் தூண். 1990ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் இதைப் பிரிட்டனில் முடித்துவைத்தது. அயர்லாந்தில் மேகில் என்ற பதிப்பாளர் எல்லாச் சேனல்களையும் ஒரே வார இதழில் தர முயன்று, ஒளிபரப்பாளர்களால் நீதிமன்றத் தடைக்கு உள்ளானார். அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 1995 ஏப்ரல் 6 அன்று வந்த தீர்ப்பு, நிரலைத் தர மறுத்தது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதே என்றது. பதிப்புரிமை இருக்கலாம், ஆனால் வேறு எங்கும் கிடைக்காத அடிப்படைத் தகவலை மறைத்து ஒரு புதிய பொருள் சந்தைக்கு வராமல் தடுக்க அதைக் கேடயமாக்க முடியாது என்பது அதன் சாரம்.

ஆஸ்திரேலியாவின் ஐஸ்டிவி வழக்கு இன்னும் நேரடியானது. பதிவுக் கருவிகளுக்கான இணைய நிரலே அங்கு வழக்குப் பொருள். ஐஸ்டிவி பணியாளர்கள் தொடக்கத்தில் சில வாரங்கள் தொலைக்காட்சியை உட்கார்ந்து பார்த்து நேரங்களைக் குறித்து ஒரு வார்ப்பை உருவாக்கினார்கள். அதன்பின், வெளியாகும் நிரல்களோடு ஒப்பிட்டு மாற்றங்களைத் திருத்திக்கொண்டார்கள். கதைச்சுருக்கங்களைத் தாங்களே எழுதினார்கள். ஒளிபரப்பாளரான நைன் நெட்வொர்க் வழக்குத் தொடுத்தது. முதல் நீதிபதி ஐஸ்டிவி பக்கம், மேல்முறையீட்டு அமர்வு நைன் பக்கம் என்று மாறி மாறிச் சென்று, 2009 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றம் ஐஸ்டிவிக்குச் சாதகமாக முடித்தது. எந்த நேரத்தில் எந்தத் தலைப்பு என்பது, சொல்ல வேறு வழியே இல்லாத வெறும் உண்மை. அதைச் சொல்வதில் படைப்புத்திறன் அநேகமாக இல்லை என்பதே காரணம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தொலைபேசி அடைவு பற்றிய ஃபைஸ்ட் வழக்கில் இதே பாதையைக் காட்டியிருந்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைப்பும் முதலீடும் மட்டும் பதிப்புரிமைக்குப் போதா, குறைந்தபட்சப் படைப்பாக்கமாவது வேண்டும் என்றது. நாடுகள் வேறு, சட்ட மரபுகள் வேறு. ஆனாலும் நேரமும் தலைப்பும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்ற திசையிலேயே காற்று அடிக்கிறது.

ஆனால் இந்த வெற்றியைப் பொறியாளர் கண்ணோடு பார்த்தால் அது பாதி வெற்றிதான். நேரமும் தலைப்பும் மட்டும் கிடைத்தால் ஒரு நிகழ்ச்சியைப் பதியலாம்; தானியக்கமாகப் பதிய முடியாது. ஒரு தொடர் வாரத்தில் ஐந்து முறை வருகிறது என்றால் எது புதியது, எது மறுஒளிபரப்பு என்று தலைப்பு சொல்லாது. அதைச் சொல்வது கதைச்சுருக்கமும் பகுதி எண்ணும். மித்டிவி போன்றவை பகுதி அடையாளம் கிடைக்காதபோது பகுதியின் பெயரையும் கதைச்சுருக்கத்தையும் ஒப்பிட்டே முன்பு பதிந்ததா என்று கண்டுபிடிக்கின்றன. கதைச்சுருக்கமோ யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியது. அதற்குப் பதிப்புரிமை உண்டு, உண்டாக வேண்டியதும் நியாயம். ஆக, சட்டம் விடுவித்த பகுதி கருவிக்குப் போதவில்லை. கருவிக்குத் தேவைப்படும் பகுதி சட்டத்தின் வேலிக்குள் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பது கடினமில்லை. பகுதிக்கு ஒரு நிலையான அடையாள எண் கொடுத்து அதை நேரத்தோடு சேர்த்து வெளியிட்டால், கதைச்சுருக்கத்தைத் தொடவே வேண்டாம். பிரிட்டனின் ஃப்ரீவியூ பதிவுக் கருவிகளில் ஒரு தொடர் முழுவதையும் ஒரே அழுத்தலில் பதிய முடிவது, அலையில் அப்படிப்பட்ட அடையாளம் வருவதால்தான்.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் முதலாவது, திரட்டிகள் இணையதளங்களைச் சுமைக்குள்ளாக்குகின்றன என்பது. உண்மை. ஆயிரக்கணக்கான வீட்டுக் கணினிகள் ஒரே நள்ளிரவில் ஒரே பக்கத்தைத் தட்டினால் சர்வர் திணறும். தானியங்கி வருகையாளர்களுக்கு எல்லை குறிக்கும் ரோபாட்ஸ் கோப்பு வழக்கம் 1994 முதல் இருக்கிறது, 2022இல் முறையான இணையத் தரமாகவும் ஆனது. அதை மதிப்பதும், கிடைத்ததைச் சேமித்து வைத்து மாறியதை மட்டும் கேட்பதும் திரட்டி எழுதுவோரின் கடமை. ஆனால் சுமையின் மூலம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வார நிரலை ஒரே கோப்பாகத் தந்தால் முடிந்துபோகும் வேலைக்கு, நூற்றுக்கணக்கான அலங்காரப் பக்கங்களைத் திறக்க வைப்பது யார்? அமெரிக்காவில் நடந்தது இதற்கு விடை. தொடக்கத்தில் ஜாப்டூஇட் என்ற நிரல் தளத்தின் பக்கங்களைத் திரட்டிகள் உரித்தெடுத்தன. பின்னர் அதன் உரிமையாளரான ட்ரிப்யூன் நிறுவனமே, அவ்வப்போது ஒரு சிறு கருத்தாய்வுக்குப் பதில் சொன்னால் போதும் என்ற நிபந்தனையோடு, நிரலைத் தரவாக இலவசமாகத் தந்தது. வட அமெரிக்கப் பயனர்களுக்குப் பக்கம் உரிக்கும் வேலை அதோடு தேவையற்றுப் போனது.

இரண்டாவது வாதம் செலவு. நிரலைத் தொகுத்துச் சரிபார்ப்பது சும்மா ஆகிற காரியமில்லை. இலவசமாகக் கொடு என்பது எளிது, யார் சம்பளம் தருவது? மேலே சொன்ன இலவச ஏற்பாடு 2007 செப்டம்பர் 1 அன்று நின்றுபோனது இந்த வாதத்துக்கு வலுவூட்டுவதாகத் தோன்றும். ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள்களின் உருவாக்குநர்கள் ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, அதே தரவுக்கு உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி நிறுவனத்துக்குச் செலுத்தினார்கள். அது இன்றும் நடக்கிறது. நியாயமான விலையில் ஒழுங்கான தரவு கிடைத்தால் பயனர் பணம் தருகிறார். திருட்டுத்தனமாகப் பக்கம் உரிக்கும் ஆசை யாருக்கும் இல்லை. மேலும், பல சேனல்களைத் தொகுக்கும் நிறுவனத்தின் செலவு வேறு, தன் ஒரு சேனலின் நிரலை வெளியிடும் ஒளிபரப்பாளரின் செலவு வேறு. பின்னவர் நிரலை எப்படியும் தயாரித்தே ஆக வேண்டும், அது இல்லாமல் சேனலே ஓடாது.

மூன்றாவது வாதம், தானியக்கப் பதிவே பதிப்புரிமையை அரிக்கிறது, விளம்பர வருமானத்தைக் கெடுக்கிறது என்பது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் பீட்டாமேக்ஸ் வழக்கில், ஒளிபரப்பானதை வேறு நேரத்தில் பார்க்க வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடே என்று 5-4 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் சொன்னது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. பதிந்ததை விற்பதும் இணையத்தில் ஏற்றுவதும் குற்றம். அது கையால் பதிந்தாலும் குற்றம், திரட்டி பதிந்தாலும் குற்றம். குற்றத்தைத் தடுக்க நேர அட்டவணையை மறைப்பது, திருட்டுக்குப் பயந்து ரயில் நேரத்தை அச்சிடாமல் விடுவதைப் போன்றது.

கடைசி வாதம் காலம் பற்றியது. எல்லாம் கேட்டபோது கிடைக்கும் ஸ்ட்ரீமிங் நாளில் பதிவு எதற்கு? ஸ்ட்ரீமிங்கில் இருப்பது நாளையும் இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. உரிமம் முடிந்தால் படம் போய்விடும். செய்தியும் விவாதமும் நேரலையும் பெரும்பாலும் அன்றோடு கரைகின்றன. பிபிசி தன் பழைய நாடாக்களை அழித்ததில் டாக்டர் ஹூ தொடரின் 1960களின் பல பகுதிகள் படமாகக் கிடைக்காமல் போயின. ஆனாலும் அழிந்த ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று இருக்கிறது, வீட்டில் ஒலிநாடாவில் பிடித்து வைத்த ரசிகர்களின் தயவால். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்டு முதல் மாலைச் செய்திகளைப் பதிந்து சேமித்துவருகிறது. வரலாற்றாய்வாளர் இன்று புரட்டுவது அந்தப் பதிவுகளை. தொலைக்காட்சியின் நினைவாற்றல் ஒளிபரப்பாளரின் கிடங்கில் மட்டும் இருந்தால் அது அவருடைய விருப்பப்படி மறக்கும்.

நம் ஊர் நிலையும் இதே கேள்வியின் மற்றொரு முகம். கட்டண டிடிஎச், டிஜிட்டல் கேபிள் இரண்டும் பூட்டிய அலைகள்; செட்டாப் பாக்ஸ் தரும் நிறுவனமே நிரலையும் பதிவையும் தன் கைக்குள் வைத்திருக்கிறது. ஒழுங்குமுறை அமைப்பான டிராய் 2017இல் கொண்டுவந்த விதிகள் மின்னணு நிரலில் ஒரே வகைச் சேனல்கள் அடுத்தடுத்து இடம்பெற வேண்டும் என்கின்றன. சேனல்களின் வரிசை பொதுநலம் சார்ந்தது என்றால், அந்தச் சேனல்களில் என்ன, எப்போது வரும் என்பதும் பொதுநலம் சார்ந்ததே. குறைந்தபட்சம் பொதுப் பணத்தில் இயங்கும் ஒளிபரப்பு ஒவ்வொன்றும் சேனல், தலைப்பு, நேர விலகலோடு தொடக்க நேரம், நிலையான பகுதி எண் ஆகிய நான்கையும் கருவி படிக்கும் கோப்பாக நாள்தோறும் வெளியிட வேண்டும். நேரம் மாறினால் அலையிலேயே அந்த எண்ணோடு சொல்ல வேண்டும். ஜெர்மனி 1985இல் ஒற்றை வரியில் செய்துகாட்டியதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அது நடக்கும் நாளில் திரட்டிக்கு வேலை இருக்காது, அதற்காக யாரும் வருந்தவும் மாட்டார்கள். அதுவரை அது பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டுதான் இருக்கும்.